எப்போதைய இன்பம்? மூன்று கிரேக்கர்களும் ஒரு வேலை மாற்றமும்

போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு குழப்பத்தோடு வந்தார். வயது 46. இப்போது பார்க்கும் வேலை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். சம்பளம் சுமார்தான், ஆனால் ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவார். மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். சின்ன வயதில் கற்றுப் பாதியில் விட்ட மிருதங்கத்தை மறுபடி எடுத்து வைத்துத் தட்டிக்கொண்டிருப்பார். இப்போது வேறோர் இடத்தில் கூப்பிடுகிறார்கள். சம்பளம் ஒன்றரை மடங்கு. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். "நீதான் அந்தக் கிரேக்கக்காரங்களை எல்லாம் படிக்கிறியே, சந்தோஷமா இருக்கிறதுதான் முக்கியம்னு சொன்னவங்களும் அதுல இருப்பாங்கல்ல? அவங்க என்ன சொல்வாங்கன்னு பார்த்துச் சொல்லு" என்றார். பாதி கிண்டல். நான் மற்ற பாதியை எடுத்துக்கொண்டேன்.

இன்பத்தை வழிகாட்டியாக வைத்த கிரேக்கர்கள் ஒரே அணி கிடையாது. தங்களுக்குள்ளேயே கடுமையாக அடித்துக்கொண்டவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் நிறைய இன்பம் கேட்டார், மற்றவர் கொஞ்சம் போதும் என்றார் என்று தோன்றும். படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று தெரிந்தது. அவர்களுடைய சண்டை அளவைப் பற்றியது அல்ல, நேரத்தைப் பற்றியது. இந்த நிமிடத்து இன்பமா, வாழ்நாள் முழுவதற்குமான கணக்கா, அல்லது கணக்கே வேண்டாமா?

முதலில் இந்த நிமிடத்துக்காரர். அரிஸ்டிப்பஸின் ஊர் சைரீன். ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய லிபியாவில் இருந்த கிரேக்கக் குடியேற்றம். சில்ஃபியம் என்ற செடியை விற்றே பணக்கார ஊரானது. அந்தச் செடியைத் தங்கள் நாணயத்திலேயே பொறித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளை சாக்ரடீஸின் பேரைக் கேட்டு ஏதென்ஸுக்கு வந்தார். சாக்ரடீஸின் சீடர்களில் கற்பிப்பதற்குக் கட்டணம் வாங்கிய முதல் ஆள் இவர்தான் என்கிறார்கள்.

அவர் வழியில் வந்தவர்களைச் சைரீன் பள்ளி என்பார்கள். அதன் கொள்கையைச் சீராக வகுத்தவர் அவருடைய பேரன் என்று நம்பப்படுகிறது. பேரனுக்கும் அதே பெயர். அவருக்குத் தத்துவம் சொல்லிக் கொடுத்தது அம்மா அரேட்டே. அதனால் 'தாயிடம் கற்றவன்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். அவர் சொன்ன உவமை கடல். வலி என்பது புயல். இன்பம் என்பது இதமான அலை. இரண்டும் இல்லாத நிலை அலையில்லாத கடல். அந்த மூன்றாவதை அவர்கள் இன்பமாகவே எண்ணவில்லை. இன்பம் என்றால் ஏதாவது அசைய வேண்டும். அதுவும் இப்போது, இந்த உடம்பில். நேற்றைய விருந்தை நினைத்துச் சப்புக்கொட்டுவதும் நாளைய விருந்தை எண்ணிக் காத்திருப்பதும் கணக்கில் சேராது. அலை அடங்கியாயிற்று, அல்லது இன்னும் எழவில்லை.

அரிஸ்டிப்பஸைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி கதைகள்தான். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் டயோஜீனிஸ் லேயர்டியஸ் என்பவர் திரட்டி வைத்தவை. நடந்ததோ இல்லையோ, ஆளைக் காட்டுகின்றன. ஐம்பது டிராக்மா கொடுத்து ஒரு கௌதாரி வாங்கினாராம். ஒருவர் திட்டினார். "ஓர் ஓபோலுக்குக் கிடைத்தால் நீ வாங்கியிருப்பாய் அல்லவா?" என்று அரிஸ்டிப்பஸ் கேட்டார். ஆறு ஓபோல் சேர்ந்தால் ஒரு டிராக்மா. அவர் ஆமாம் என்றதும், "உனக்கு ஓர் ஓபோல் எப்படியோ எனக்கு ஐம்பது டிராக்மா அப்படி" என்றார். பயணத்தில் பண மூட்டையைத் தூக்க முடியாமல் வேலைக்காரன் திணறியபோது, "தூக்க முடிகிற அளவை வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடு" என்றார். லயிஸ் என்ற கணிகையோடு இருப்பதைக் குறை சொன்னவர்களிடம், "அவள் என் வசம்; நான் அவள் வசம் இல்லை" என்றார்.

அந்தக் கடைசி வரியில்தான் அவருடைய சரக்கு இருக்கிறது. வெறும் குடி, கூத்து ஆள் என்றால் ஒதுக்கிவிடலாம். இவரோ கிடைத்தால் அனுபவிப்பார், கிடைக்காவிட்டால் கவலைப்பட மாட்டார். பட்டாடையும் கந்தலும் ஒரே மாதிரி பொருந்தும் ஆள் நீ ஒருவன்தான் என்று பிளேட்டோவே அவரிடம் சொன்னதாக ஒரு கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நண்பருக்கு இவரால் பைசா பிரயோசனம் இல்லை. எங்கே போட்டாலும் சுகமாக இருக்கத் தெரிந்தவர் எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டாம். புதிய வேலையா, பரவாயில்லை, பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் இன்பம் உண்டு. பழைய வேலையா, அதுவும் சரி. எப்படி இருப்பது என்று கற்றுத்தருகிறார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அல்ல. கூடவே இன்னொரு விஷயம். சிரக்யூஸ் சர்வாதிகாரி டயோனிசியஸ் முகத்தில் துப்பியபோது, மீன் பிடிக்கிறவன் கடல் நீரில் நனைய மாட்டானா என்று துடைத்துக்கொண்டாராம். அவருடைய நிகழ்கால இன்பத்துக்குப் பின்னால் படியளக்கும் ஓர் அரண்மனை இருந்தது.

இந்த வழியே போனால் எங்கே போய் நிற்கும் என்று அதே பள்ளியில் வந்த ஹெகேசியாஸ் காட்டினார். இந்த நொடியின் உடல் இன்பம் மட்டுமே நன்மை என்றால், வாழ்நாளில் இதமான அலைகள் எத்தனை, புயல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவர் எண்ணினார். மகிழ்ச்சி என்பது நடவாத காரியம் என்று முடிவு கட்டினார். அவருடைய பேச்சைக் கேட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொள்ளத் தொடங்கியதால் அலெக்சாந்திரியாவில் அவர் பேசக் கூடாது என்று எகிப்தை ஆண்ட தாலமி அரசர் தடுத்தார் என்று ரோமானியப் பேச்சாளர் சிசெரோ எழுதுகிறார். 'சாவுக்கு வழி சொல்பவர்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. இன்பக் கட்சியிலிருந்து இப்படி ஒருவர் வந்தார் என்பதை நான் முதலில் படித்தபோது நம்பவில்லை. பிறகு யோசித்தால், நினைவையும் எதிர்பார்ப்பையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பல்வலியும் பலகாரமும்தான்.

சரி, எபிக்யூரஸ்.

இவர் பெயருக்கு நேர்ந்த அநியாயம் வேறு எந்தத் தத்துவவாதிக்கும் நேர்ந்திருக்காது. இன்றைக்கு ஐரோப்பிய மொழிகளில் இவர் பெயர் சாப்பாட்டு ரசிகனைக் குறிக்கும் சொல். ஆனால் அந்த மனிதர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி. அது இருந்தால் வேண்டும்போது விருந்தே சாப்பிடுவேன் என்றார். அவர் பள்ளி நடத்திய தோட்டத்துக்கு வருகிறவனை இன்பமே உயர்ந்த நன்மை என்ற வாசகம் வரவேற்கும், உள்ளே போனால் பார்லிக் கூழும் தண்ணீரும் கிடைக்கும் என்று எதிரணியில் இருந்த ரோமானியத் தத்துவவாதி செனெகா எழுதியிருக்கிறார். எதிரணிக்காரர் தந்த சான்று என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். பள்ளியிலிருந்து முறித்துக்கொண்டு போன டிமோக்ரேட்டிஸ், இவர் தினம் இரண்டு முறை வாந்தி எடுக்கும் அளவுக்குத் தின்றார் என்று பரப்பினார். நிலைத்தது இந்தக் கதைதான்.

கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸுக்கு வந்து, நகரச் சுவருக்கு வெளியே 80 மினா கொடுத்து ஒரு தோட்டம் வாங்கினார். பெண்களும் அடிமைகளும் அங்கே உட்கார்ந்து பேசினார்கள். அன்றைய ஏதென்ஸில் இது ஊர்வாயில் விழப் போதுமான காரணம்.

அவருடைய முக்கியமான திருப்பம் அந்தக் கடல் உவமையில் இருக்கிறது. சைரீன்காரர்கள் ஒன்றுமில்லை என்று தள்ளிய மூன்றாவது நிலை, அலையில்லாத கடல், அதுதான் இன்பத்தின் உச்சம் என்றார். உடம்பில் வலி இல்லை, மனதில் கலக்கம் இல்லை: அதற்கு மேல் இன்பம் கூடாது, வகை மட்டும்தான் மாறும். பசி அடங்கிய பிறகு வரும் பதார்த்தம் எல்லாம் வண்ணம். சைரீன்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அது தூங்குகிறவனின் நிலை, பிணத்தின் நிலை என்றார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகு விடிகாலையில் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ள யாருக்கும் எபிக்யூரஸ் சொல்வது புரியும். அந்தக் காலையை யாரும் தூக்கம் என்று சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பழகிப்போய்விடுகிறது, அது வேறு விஷயம். அந்த மறதியோடு மல்லுக்கட்டுவதுதான் இவருடைய தத்துவத்தின் பாதி.

மீதிப் பாதி, ஆசைகளைப் பிரிப்பது. இயற்கையானவை, அவசியமானவை: சோறு, தண்ணீர், குளிருக்குத் துணி. இயற்கையானவை, ஆனால் அவசியமில்லாதவை: நல்ல சமையல். இரண்டும் அல்லாதவை: சிலை வைக்கப்படுவது, மாலை சூட்டப்படுவது. முதல் வகைக்கு எல்லை உண்டு, வயிறு நிரம்பினால் முடிந்தது. மூன்றாவது வகை வெறும் எண்ணத்தில் முளைத்தது, அதனால் அதற்கு எல்லையே கிடையாது. பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவன் வருவான். அரிப்பு எடுத்துச் சொறிந்துகொண்டே வாழ்கிறவன் இன்பமானவனா என்ற கேள்வியும் வரும். இரவு பதினொன்றரைக்குக் கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும்போது அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. நினைவுக்கு வந்தும் தள்ளுவேன்.

எபிக்யூரஸ் வெறுமனே பிரித்து வைத்துவிட்டுப் போகவில்லை. கையில் ஒரு கேள்வியும் கொடுத்தார். வத்திக்கான் நூலகத்துச் சுவடி ஒன்றிலிருந்து 1888இல் வெளிவந்த அவருடைய வாசகத் தொகுப்பில் அது இருக்கிறது: ஒவ்வோர் ஆசையிடமும் கேள், இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? முதல் பாதியை எல்லோரும் கேட்கிறோம். இரண்டாவது பாதியைக் கேட்பதே இல்லை.

நண்பரோடு உட்கார்ந்து அதைக் கேட்டுப் பார்த்தோம். புதிய வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? வீட்டுக் கடன் போய்க்கொண்டிருக்கிறது, நிற்காது. சாப்பாடு குறையாது. மச்சினர் வாங்கிய கார் மாதிரி ஒன்று வாங்க முடியாது. இதைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்தது. மூன்றாவது வகை, சந்தேகமே இல்லை. ஆனால் மகன் நான்கு வருடத்தில் கல்லூரிக்குப் போகிறான். அதை நினைத்து இரவில் விழித்துக்கொள்கிறேன் என்றார். இங்கே எபிக்யூரஸை ஆசையை விடு என்று சொல்லும் சாமியாராக ஆக்கிவிடக் கூடாது. உடம்பு நன்றாக இருப்பது மட்டுமல்ல, இனியும் இருக்கும் என்ற நம்பிக்கையும் இன்பத்தின் பகுதி என்பது அவருடைய கொள்கை. இரவு விழிப்பு ஒரு நிஜமான வலி. ஆக, கூடுதல் சம்பளத்தில் ஒரு பங்கு முதல் வகை, ஒரு பங்கு மச்சினர் கார். எவ்வளவு எது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். அவர் எதிர்பார்த்ததைவிட மச்சினரின் பங்கு பெரிதாக இருந்தது.

இவரிடமும் எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு. 80 மினா என்றால் 8,000 டிராக்மா. ஒரு தொழிலாளி நாள் முழுக்க உழைத்தால் ஒன்றரை, இரண்டு டிராக்மா கிடைத்த காலம் அது. கொஞ்சத்தோடு திருப்தி அடை என்று சொன்னவரின் தோட்டம் அந்த விலைக்கு வாங்கப்பட்டது. லாம்ப்சாக்கஸ் ஊர் நண்பர்கள் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மீஸ் என்ற அடிமை தோட்டத்தில் தத்துவம் பேசினார், உண்மை. அவருக்கு விடுதலை கிடைத்தது எபிக்யூரஸ் இறந்த பிறகு, உயில் வழியாக. அரசியலில் இறங்காதே, ஒதுங்கி வாழ் என்றார். எல்லோரும் ஒதுங்கினால் அந்தத் தோட்டத்துக்குக் காவல் யார்?

ஆனாலும் ஒரு சோதனையில் இவர் தேறினார். இன்பத்தைப் பற்றிப் பேசுகிறவனை வலி வரும் நாளில் பார்க்க வேண்டும். கி.மு. 270இல் சிறுநீரகக் கல்லால் சிறுநீர் அடைத்துப் பதினான்கு நாள் கிடந்தார். கடைசி நாளில் நண்பர் இடோமெனியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். வலி இதற்கு மேல் கூட முடியாத அளவில் இருக்கிறது, ஆனால் நாம் பேசிய பேச்சுகளின் நினைவால் வரும் மகிழ்ச்சி அதற்கு எதிரே அணிவகுத்து நிற்கிறது என்றார். சைரீன்காரர்கள் கணக்கில் சேராது என்று ஒதுக்கிய அதே பழைய அலை. அவர் ஒன்றும் பல்லைக் கடிக்கும் வீரர் இல்லை. அறிவாளி சித்திரவதைக் கட்டையிலும் இன்பமாக இருப்பான் என்று சொன்னவர், அப்போது கத்தவும் புலம்பவும் செய்வான் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சேர்க்கைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இன்பம் ஒரு நன்மையே அல்ல என்று சொன்ன ஸ்டோயிக்குகளை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. ஒரே ஒரு கதை. ஹெராக்லியா ஊர் டயோனிசியஸ் என்பவர் அந்த ஸ்டோயிக் பள்ளியைத் தொடங்கிய ஜீனோவின் மாணவர். வலியும் தீமை அல்ல என்று கற்றவர். பிறகு அவருக்குக் கடுமையான கண்வலி வந்தது. இதையா தீமை இல்லை என்பது என்று சொல்லி, நேரே இன்பக்காரர்களிடம் போய்விட்டார். 'கட்சி மாறி' என்ற பெயர் நிலைத்தது. பிளேட்டோ தொடங்கிய கல்விக்கழகத்தின் தலைவர் ஆர்கெசிலாஸிடம், எல்லாப் பள்ளியிலிருந்தும் எபிக்யூரஸிடம் போகிறார்கள், அங்கிருந்து யாரும் திரும்பி வருவதில்லையே என்று கேட்டார்கள். ஆண் அலியாகலாம், அலி ஆணாக முடியாது என்றார் அவர். அந்தக் காலத்து வாய்த்துடுக்கு. இன்று யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், பேசவும் கூடாது. ஆனால் போட்டிக் கடைக்காரர்களுக்கு எவ்வளவு எரிந்தது என்பது தெரிகிறது.

மூன்றாவது ஆள் அரிஸ்டாட்டில். காலத்தில் எபிக்யூரஸுக்கு மூத்தவர். இன்பக் கட்சிக்காரரும் இல்லை. இருந்தாலும் இன்பத்தைக் கூர்ந்து பார்த்ததில் அவரை மிஞ்ச ஆளில்லை. நிகோமாக்கிய அறநூலின் பத்தாம் பகுதியில் ஒரு வரி: நாடகக் கொட்டகையில் நடிகர்கள் மோசமாக நடிக்கும்போதுதான் ஜனங்கள் அதிகம் தின்பண்டம் தின்கிறார்கள். இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் எழுதியது. அதே பக்கத்தில், குழலிசையில் பித்து உள்ளவனிடம் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது யாராவது குழல் வாசித்தால் அவன் காதில் விவாதம் விழாது என்கிறார்.

இதிலிருந்து அவர் எடுப்பது: இன்பம் தனியாக நிற்கும் சரக்கு அல்ல. ஒரு செயலின் மேல், இளமைப் பருவத்தில் முகத்தில் ஏறும் பொலிவு மாதிரி, வந்து படிவது. படம் பார்ப்பதன் இன்பமும் படம் வரைவதன் இன்பமும் ஒரே தராசில் நிற்காது. இரண்டும் வேறு வேறு பொருள். ஒவ்வொரு செயலும் தனக்குரிய இன்பத்தால் கூர்மை அடைகிறது, அயல் இன்பத்தால் மழுங்குகிறது. அப்படியென்றால் எந்த வேலையில் அதிக இன்பம் என்ற கேள்வியே தப்பு. எந்தச் செயலில் என் நேரம் போக வேண்டும் என்று கேட்டால் இன்பம் பின்னாலேயே வரும்.

நண்பர் மிருதங்கத்தோடு உட்கார்ந்தால் காபி ஆறிப்போகும். மனைவி இரண்டு முறை கூப்பிட வேண்டும். எபிக்யூரஸின் தாளில் இதை எழுத இடமே இல்லை. வலியைப் போக்கவும் இல்லை, அவசியமும் இல்லை, வண்ணம்தான். அரிஸ்டாட்டிலின் கண்ணில் அந்த ஒரு மணி நேரம்தான் விஷயமே. இந்த இடத்தில் எபிக்யூரஸைவிட அரிஸ்டாட்டில் சரி என்று நினைக்கிறேன். ஆனால் அவர் எழுதியது ஓய்வுநேரம் கையில் உள்ளவர்களுக்காக. நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு தோல்வாரைத் தொடக்கூடத் தெம்பில்லாமல் வருகிறவனுக்கு அவரிடம் ஆறுதல் கிடையாது. சித்திரவதைச் சக்கரத்தில் கிடப்பவனும் நல்லவனாக இருந்தால் இன்பமாகத்தான் இருக்கிறான் என்பவர்கள் உளறுகிறார்கள் என்று எழுதியவர் அவர். வெளிச்சூழல் கெட்டால் வாழ்வும் கெடும் என்று நேராகவே சொல்லிவிட்டார். நேர்மைதான், ஆனால் கைகொடுக்காது.

என்னைக் கேட்டால், அன்றாடத்துக்கு எபிக்யூரஸைத்தான் எடுப்பேன். மற்ற இருவரிடமும் அழகு அதிகம். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு நிற்கிறவன் கேட்கத்தக்க கேள்வியை வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான். இன்னொரு காரணம், பயத்தை அவர் கணக்கில் எடுத்தார். என் வயதில் முடிவுகளைக் கெடுப்பது ஆசையைவிடப் பயம்தான். மிருதங்கத்தை வண்ணம் என்று அவர் தள்ளும் இடத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் அரிஸ்டாட்டிலிடம் போவேன். அரிஸ்டிப்பஸ் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார நல்ல ஆள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துப் பார்த்தால், இப்போதைய இடத்திலேயே சனிக்கிழமை கூடுதல் வேலை எடுத்தால் ஏறக்குறைய எட்டிவிடும் என்று தாளில் தெரிந்ததையும் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாகும்போது கடிதம் எழுதினாருன்னு சொன்னியே, அதுல வேற என்ன இருந்துச்சு?" என்றார்.

இறந்துபோன நண்பன் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று முடித்திருப்பார் என்றேன்.

"அதுக்குப் பணம் வேணுமே" என்றார்.

உண்மைதான். உயிலில் அதற்கும் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்.